மருதாசலம் பைக் கழுவின கதை

மருதாசலண்ணன் வாயைத் திறந்தால் பூவாத்தக்கா தண்ணீர் மோட்டாரை அணைத்துவிடுவார். அண்ணன் பேச ஆரம்பித்தாரானால், கையில் ஹோஸ் பிடித்திருக்கிறவன் கழுவுகிறதை விட்டுவிட்டுக் கதை கேட்டுக்கொண்டு நிற்பான். தண்ணீர் அது பாட்டுக்குச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகிற ரோட்டில், தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது பூவாத்தக்காவின் வாட்டர் சர்வீஸ். மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மதியத்துக்கு மேல் எங்கள் கூட்டம் அங்கேதான் கிடக்கும். காலையில் வாய்க்கால் மேட்டுக் காட்டில் டர்ட் பைக் ஓட்டுவோம். ஓட்டுவோம் என்பது பேச்சுக்கு. பாதி நேரம் பைக் எங்களை இழுத்துக்கொண்டு போகும், மீதி நேரம் நாங்கள் அதைத் தள்ளிக்கொண்டு வருவோம். திரும்பி வரும்போது கண்ணும் பல்லும் தவிர எல்லாம் சேறு. ஹெல்மெட்டைக் கழற்றினால்தான் யார் மகன் என்று தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாருலதா கையில் மாவுக்கட்டோடு வந்திருந்தாள். சாரு மாட்டு டாக்டர். எங்கள் கூட்டத்தில் எல்லோரையும்விட நன்றாக ஓட்டுகிறவள் அவள்தான். பைக்கிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொள்ளவில்லை. ஊசி போடப் போன இடத்தில் ஓர் எருமை அவள் மேல் சாய்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு உடுமலைப் பக்கம் சேற்றுப் பந்தயம். வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது. சாருவிடம் நல்ல பைக் இருக்கிறது, ஓட்டக் கை இல்லை. எங்களிடம் கை இருக்கிறது, பைக் இல்லை.

எங்களிடம் என்றால் என்னிடமும் மருதாசலண்ணனிடமும். நான் லோகநாதன், தென்னைநார் மில்லில் சூப்பர்வைசர். என்னுடையது ரோட்டில் ஓட்டுகிற பழைய பைக். பட்டன் டயர் மாட்டிச் சேற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன். அதைப் பந்தயத்துக்குள் விடவே மாட்டார்கள். மருதாசலண்ணன் இளநீர் லோடு ஏற்றி அனுப்புகிறவர். பதினைந்து வருஷமாகச் சேற்றில் ஓட்டுகிறார். ஆனால் ஒரு மாதமாக அவர் பைக்கை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. எங்கே என்று கேட்டால், "சும்மா நிக்குது" என்பார்.

சாரு வந்ததும் சுற்றி வளைக்கவில்லை.

"ரெண்டு பேரும் கேட்டிருக்கீங்க. ரெண்டு பேரும் ஓட்டறதை நான் பாத்திருக்கேன். சுமார்தான். அதனால அதைக் கேக்கலை. ஓட்டி முடிச்சப்புறம் என் பைக்கை என்ன பண்ணுவீங்க? அதை மட்டும் சொல்லுங்க. யாரு சொல்றது எனக்குப் புடிக்குதோ அவங்களுக்குத் தர்றேன்."

என்னை முதலில் கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன். சேறு காய்வதற்குள் கழுவிவிடுவேன், சைலன்ஸர் வாயைத் துணியால் அடைத்துக்கொள்வேன், சக்கர பேரிங் பக்கம் பிரஷர் காட்டமாட்டேன், காற்று ஃபில்டரைக் கழற்றி அலசிக் காயவைத்து எண்ணெய் போடுவேன், செயினை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பேன் என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் ஒருவர் கொட்டாவி விட்டார். பூவாத்தக்கா, "நல்லாத்தான் சொல்றே லோகு. ஆனா ரேசன் கடையில ஸ்டாக் படிக்கற மாதிரி இருக்குது" என்றார்.

மருதாசலண்ணன் கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் பக்கெட் மேல் உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமினார். பூவாத்தக்கா எழுந்துபோய் மோட்டாரை அணைத்தார்.

"லோகு சொன்னது சரிதானுங் அம்மிணி. பைக்கைக் கழுவறவன் அப்புடித்தான் கழுவுவான். நான் கழுவறதில்லீங்."

"பின்ன?"

"வெளிய எடுக்கறனுங். போன மாசம் மழை ஊத்துச்சு பாருங், அன்னைக்கு ஆழியாத்துப் பக்கம் ஒரு காட்டுக்குள்ள உட்டேன். திரும்பி வர்றேன், என்ற ஊட்டுக் கேட்டுக்குள்ள வண்டி நுழையல. ஊட்டுக்காரி வெளிய வந்து பாத்துட்டு, 'ஆருங்க அது, மண்ணுக் கரட்டைத் தள்ளிட்டு வர்றது'ங்கறா. நான் உள்ளாற இருக்கறதே அவளுக்குத் தெரியல. 'நாந்தான்டி'ன்னு கத்துனேன். குரலை வெச்சுத்தான் புருசன்னு கண்டுபுடிச்சா. இளநீர் வெட்டற அருவாளை எடுத்துட்டு வந்து, என்னைய மட்டும் செதுக்கி எடுத்தா. வண்டியை அப்புறம் பாத்துக்கலாம்னு உட்டுட்டோம்."

"உடனே கழுவலையா?" என்றேன் நான். விடுவேனா.

"அசதிப்பா. ரெண்டு நாளு தூங்கிட்டேன். மழை வேற. எந்திரிச்சு வந்து பாக்கறேன், வண்டி மேல பயிரு மொளைச்சு நிக்குது. முன்னாடி மட்கார்டுல நெலக்கடலை. சீட்டு மேல சோளம். பெட்ரோல் டேங்க்கு நல்லா மேடான எடம் பாத்தீங்களா, அதுல கொத்தமல்லி. என்ற ஆடு மூணும் சீட்டு மேல ஏறி நின்னு மேயுது."

சாரு குறுக்கே வந்தாள். "அண்ணா, இளஞ்சோளத்தை மேஞ்சா ஆடு செத்துப்போகும்."

"அதனாலதானுங் அம்மிணி நான் வேலி போட்டேன்," என்றார் மருதாசலண்ணன், கண்ணிமைக்காமல். "ஹேண்டில்பாருக்கும் பின் சக்கரத்துக்கும் கம்பி இழுத்துக் கட்டி, ஒரு சின்னப் படலும் வெச்சேன். டாக்டருங்களுக்குத் தெரிஞ்சது எங்களுக்கும் கொஞ்சம் தெரியுமுங்."

லாரி டிரைவர் கொட்டாவி விடுவதை நிறுத்திவிட்டு ஒரு டயர் மேல் உட்கார்ந்தார்.

"அப்பத்தான் மயில்சாமின்னு ஒரு தோட்டத்துக்காரரு சர்வேயரைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கறாரு. 'ஏனுங், இந்தப் பக்கம் ஒரு தோட்டம் வந்துச்சுங்களா?'ன்னு கேக்கறாரு. தோட்டம் எப்புடிங்க வரும்னேன். 'என்ற காட்டுல தென்மேற்கு மூலையைக் காணமுங். கெணறு மட்டும் தனியா நிக்குது, சுத்தி மண்ணு இல்லை. டயர் தடம் உங்க ஊட்டுக்குத்தான் வருது'ங்கறாரு. சர்வேயரு சங்கிலியை எடுத்து என்ற வண்டியை அளக்கறாரு. நீளம் சரியா வருது. அகலம் சரியா வருது. 'எல்லைக்கல்லு இருந்தாத்தான் ஒத்துக்குவேன்'னேன். இஞ்சினுக்கு அடியில குச்சியை உட்டு நோண்டுனாரு பாருங், ணங்குன்னுச்சு. எல்லைக்கல்லு."

"கல்லுமா ஒட்டிக்கிட்டு வந்துச்சு?" என்றார் பூவாத்தக்கா.

"அக்கா, நல்லவேளை கல்லோட போச்சு. கெணத்தையும் சேத்து எடுத்துட்டு வந்திருந்தா நான் முங்கியில்ல போயிருப்பேன்? சரின்னு பேசி முடிச்சோம். கடலை மயில்சாமிக்கு. கொத்தமல்லி எங்களுக்கு. வெள்ளாமை எடுத்தப்புறம் வண்டியை நான் கழுவிக்கறது. பஞ்சாயத்து சுமுகமா முடிஞ்சுதுங்."

சாரு முகத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. உள்ளதைச் சொன்னவனுக்குக் கொட்டாவி, இவருக்குச் சிரிப்பா?

"அண்ணா, கழுவுனதைச் சொல்லுங்க. வெவசாயத்தைக் கேக்கலை," என்றேன்.

"வர்றேன், வர்றேன். சைலன்ஸர் வாயை அடைக்கோணும்னு சொன்னியே, அங்கதான் நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அடைக்கறதுக்குள்ள ஒரு தவளை உள்ள போயிருச்சு. வண்டியை ஸ்டார்ட் பண்ணுனா டுர்ருங்கறதுக்குப் பதிலா கொர்ரு கொர்ருங்குது. தவளை கத்துனா என்ன ஆகும்? மழை வரும். நான் கிக்கரை ஒதைக்க ஒதைக்க மழை. ஒதைக்கறேன், பேயுது. ஒதைக்கறேன், பேயுது. டேம்லருந்து ஆளு உட்டாங்க. 'ஏனுங், ஷட்டரு தாங்காது போலிருக்குது, வண்டியை அணைச்சுப்போடுங்'ன்னு."

"தவளைக்கு அந்தச் சூடு தாங்காதே," என்றாள் சாரு.

"சாதாரணத் தவளைக்குத் தாங்காதுங் அம்மிணி. இது அதுக்குள்ளயே பழகிருச்சு. வெளிய எடுத்து உட்டேன், குளிருதுன்னு திரும்பவும் உள்ள போயிருச்சு. அப்புறம் எங்க ஊட்டு அடுப்பு மேடையில கொண்டுபோயி உட்டேன். இப்பக் கரண்டு அடுப்புப் பக்கம் குடியிருக்குது."

பூவாத்தக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அவ்வளவு சேத்தை எந்த மோட்டார்ல கழுவுனே? என்ற மோட்டாரே லாரிக்குத் தெணறுது."

"மோட்டார் பத்துமாக்கா? நான் குரங்கு அருவிக்கே போயிட்டேன். அருவி வாயில ஹோஸைச் செருகி, இந்தக் கடைசியைக் கையில புடிச்சுக்கிட்டேன். அன்னைக்கு அங்க குளிச்சவங்களைக் கேட்டுப்பாருங். தலையில சீயக்காயோட அத்தனை பேரும் மேல பாத்துக்கிட்டு நிக்கறாங்க, சொட்டுத் தண்ணி வரல. நான் இங்க தொறந்தேன் பாருங், முதல் அடியில மயில்சாமி தோட்டம் போச்சு. ரெண்டாவது அடியில என்ற ரேஸ் நம்பர் ஸ்டிக்கர் பிச்சுக்கிட்டுப் போயி, ரோட்டுல வந்த வால்பாறை பஸ்ஸு நெத்தியில ஒட்டிக்கிச்சு. டிரைவரு பாவம், ஸ்டீரிங்கைத் திருப்பறாரு, திருப்பறாரு, பஸ்ஸு கேக்கல. கொண்டை ஊசி வளைவு ஒண்ணையும் வளையாம நேரா மேல ஏறிருச்சு. நடுவுல ரெண்டு எடத்துல முன் சக்கரத்தைத் தூக்குச்சுன்னு கண்டக்டரு சொன்னாரு."

லாரி டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்த ஸ்டிக்கர் இருந்தா எனக்கொண்ணு குடுங்க. லோடு வண்டி ஏற மாட்டேங்குது."

"தர்றனுங்," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு அண்ணன் தொடர்ந்தார். "அப்புறம் செயினு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சு, தொடைச்சு, எண்ணெய் உட்டேன். ஸ்டாண்டுல நிறுத்திப் பின் சக்கரத்தை இந்தச் சுண்டு வெரல்ல ஒரு சுத்து சுத்தி உட்டேன். குளிச்சுட்டு வந்தேன், சுத்துது. சாப்பிட்டுட்டு வந்தேன், சுத்துது. திருப்பூர்ல சொந்தத்துல ஒரு கல்யாணம், போயி மொய் வெச்சுட்டு வந்தேன், சுத்திக்கிட்டே இருக்குது. ஊட்டுக்காரி பாத்தா, ஒரு பெல்ட்டை மாட்டி இட்லிக்கு மாவே ஆட்டிட்டா. ஒரு எறும்பு பாவம் அந்தச் செயின் மேல காலு வெச்சுது. வழுக்குனது வழுக்குனதுதான். பழனிப் பக்கம் போயிக்கிட்டு இருந்தது, பாத்தவங்க சொன்னாங்க."

"ஃபில்டரு?" என்றேன். அங்கேதான் ஆள் மாட்டுவார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அண்ணன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சாருவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஃபில்டரை அலசிக் கொடியில காயப்போட்டேன். எண்ணெய் போட்டேன். அதுல ஒரு தூசு உள்ள போகாது. தூசு மட்டுமா? எங்க ஊட்டுக்கும் பக்கத்து ஊட்டுக்கும் நடுவுலதான் அந்தக் கொடி. அந்த ஊட்டுல புருசன் பொண்டாட்டிக்கு தெனமும் சண்டை. காது குடுத்துக் கேக்க முடியாது. ஃபில்டரைத் தொங்கவுட்டதுக்கு அப்புறம் அத்தனையும் வடிகட்டிருச்சுங். எங்களுக்கு வந்து சேந்தது, 'சாப்பிட்டீங்களா'ங்கறது ஒண்ணுதான். ஊட்டுக்காரி அதைக் கேட்டுட்டு, 'பாருங்க, எப்புடி ஒத்துமையா இருக்கறாங்க'ன்னு என்னையத் திட்டுனா."

சாரு மாவுக்கட்டை மறுகையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு வலிக்கும் போலிருந்தது. "போதும்ணா" என்றாள். அவர் நிறுத்துவதாக இல்லை.

"ஹெல்மெட்டு, கண்ணாடி, பூட்ஸு எல்லாம் இருக்குதே அம்மிணி. கண்ணாடியைத் தண்ணியில அலசி மெல்லமாத் தொடைச்சு மாட்டிப் பாத்தேன். பாலக்காட்டுல ஒருத்தரு தோசை சுடறாரு. கருகப்போகுது. 'ஏனுங், திருப்பிப்போடுங்'ன்னு இங்கிருந்தே கத்துனேன். பூட்ஸு நனைஞ்சு போச்சுன்னா உள்ளாற பேப்பர் திணிச்சு நெழல்ல வெக்கோணும், தெரியுமில்ல? வெச்சேன். எடது பூட்ஸுக்கு ஒரு பேப்பரு, வலது பூட்ஸுக்கு வேற பேப்பரு. அதுதான் வெனையாப் போச்சு. மறுநாள் காலையில வாசல்ல ஒரே சத்தம். ரெண்டும் அரசியல் பேசிச் சண்டை போட்டுக்கிட்டு இருக்குது. ஆளுக்கொரு கட்சி! மாட்டிக்கிட்டு நடந்தா ஒண்ணு ரோட்டுக்கு இந்தப் பக்கம் இழுக்குது, ஒண்ணு அந்தப் பக்கம் இழுக்குது. கடைசியில ரெண்டுக்கும் வாரமலரு போட்டுத்தான் சமாதானம் பண்ணுனேன்."

அப்போதுதான் பூவாத்தக்கா கேட்டார். சத்தம் போடாமல், சாதாரணமாகக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் மருதாசலம். வண்டி எங்கே?"

"ஊட்டுல."

"போன மாசம் இந்த ரோட்டுலதான் உன்ற வண்டியை டெம்போவுல படுக்கப்போட்டுக் கட்டி எடுத்துட்டுப் போனாங்க. ஃபில்டருக்குள்ள சேறு ஏறி இஞ்சின் ஜாம் ஆயிருச்சு, இனி அதை எழுப்பவே முடியாதுன்னு டெம்போக்காரரு இங்க டீ குடிச்சுக்கிட்டே சொன்னாரு."

தோப்பில் மட்டை ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, மறைக்க மாட்டேன். சாருவின் பைக்கில் பந்தயத்துக்குப் போய் நிற்பதுபோல அப்போதே நினைத்துப் பார்த்துவிட்டேன். மருதாசலண்ணன் முகம் விழுந்துவிட்டது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில், ஒரு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பைக் இல்லாமல் வந்து எங்கள் பைக்கைப் பார்த்துக்கொண்டு பக்கெட் மேல் உட்கார்ந்திருந்த ஆள் தெரிந்தார்.

பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"டெம்போவுல போனது வண்டி இல்லீங் அக்கா."

"பின்னே என்னது?"

"சேறு."

"சேறா? சக்கரம் இருந்துச்சு, ஹேண்டில்பார் இருந்துச்சு, நான் கண்ணால பாத்தேன்!"

"அதைத்தான் சொல்ல வர்றேன். அருவித் தண்ணியில அடிச்சேன் பாருங், கடைசிப் படை அப்புடியே மொத்தமாக் கழண்டுக்கிச்சு. அடையைத் தோசைக்கல்லுலருந்து எடுக்கற மாதிரி. வண்டி உருவத்துல, சக்கரம், ஹேண்டில்பாரு, கிக்கரு எல்லாத்தோடயும் சேறு தனியா நிக்குது. மயில்சாமி மண்ணை மயில்சாமிக்குக் குடுக்கோணுமில்ல? அதனால டெம்போ வெச்சு அனுப்பிட்டேன். டெம்போக்காரரு பாவம், ஸ்டார்ட் பண்ணிப் பாத்திருக்கறாரு. சேறு எப்புடீங்க ஸ்டார்ட் ஆகும்? அதான் ஜாம் ஆயிருச்சுன்னு சொல்லியிருக்கறாரு."

"சரி, அப்ப வண்டி?"

"அதைக் கேளுங். சேறு போச்சு. துணியை எடுத்துத் தொடைச்சேன். துரு போச்சு. இன்னொருக்கா தொடைச்சேன். கீறல் போச்சு. அதோட உட்டிருக்கோணும். கை சும்மா இருந்துச்சா? இன்னொருக்கா தொடைச்சேன். பெயிண்ட் போச்சு, இரும்பு நெறம் போச்சு, கண்ணாடி மாதிரி ஆச்சு. அய்யோ அழகா இருக்குதேன்னு ஆசையில இன்னும் ஒரே ஒரு தேய்ப்பு தேய்ச்சேன்." அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "அவ்வளவுதான். காணோம். அவ்வளவு சுத்தம். கண்ணுக்கே தெரியல. இன்னைக்கும் ஷெட்டுக்குள்ளதான் நிக்குது. போறப்ப வர்றப்ப முட்டிக்கறேன். நம்பலைன்னா இங்க பாருங்."

பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினார். உண்மையிலேயே அங்கே ஒரு பெரிய கன்னிப்போன காயம் இருந்தது.

பூவாத்தக்காகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். லாரி டிரைவர் டயரிலிருந்து சறுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். சாரு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேராக அண்ணன் முன்னால் போய் நின்றாள். பைக் போச்சு என்று நான் முடிவுசெய்துவிட்டேன்.

"அண்ணா, இப்படிக் கழுவற ஆளை நான் பாத்ததே இல்லை."

"அதுதானுங் அம்மிணி," என்று அண்ணன் பக்கெட்டிலிருந்து எழுந்தார்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு நீங்க பைக் ஓட்டலாமா? அது பெரிய பாவம். லோகண்ணன் ஓட்டட்டும். நீங்க கழுவுங்க."

மருதாசலண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி பக்கெட் மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சரிங் அம்மிணி" என்றார். அவ்வளவுதான். அன்று கிளம்பும்வரை வேறு எதுவும் பேசவில்லை. அவர் போன பிறகு பூவாத்தக்கா, "ஒடம்புக்கு எதாச்சுமா அவனுக்கு?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை.

பந்தயத்தன்று அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். சாருவின் பைக்கோடு நான் போய்ச் சேரும் முன்பே மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கெட், பிரஷ், பழைய துணி, மண்ணெண்ணெய் டப்பா. "மழை நல்லாருக்குது" என்றார். வேறு பேச்சில்லை. சாரு வரவில்லை, விடியற்காலையில் ஒரு மாட்டுக்குக் கன்று திரும்பிக் கிடக்கிறது என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

பந்தயத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வளைவிலேயே விழுந்தேன். சேறு என்னை விடவில்லை. எழுந்து கிளம்பி அடுத்த சுற்றில் அதே இடத்தில் மறுபடி விழுந்தேன். இனி போதும் என்று படுத்துவிட்ட நேரத்தில் கயிற்றுக்கு வெளியே ஒரு குரல்.

"லோகு! எந்திரி! நடுவுல போகாதே, எடது ஓரத்துல கல்லு மண்ணு இருக்குது, அதுல ஏறு!"

முழங்கால்வரை சேற்றில் நின்றுகொண்டு, துணியைத் தலைக்கு மேல் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தார் மருதாசலண்ணன். இடது ஓரம் ஏறினேன். பைக் பிடித்துக்கொண்டு போனது. அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவில் அவர் குரலைக் கேட்டு ஏறினேன். கடைசியில் எனக்குப் பின்னாலும் ஆட்கள் வந்தார்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

மதியம் பைக்கைப் பூவாத்தக்கா கடைக்குக் கொண்டுவந்தோம். அண்ணன் யாரையும் தொடவிடவில்லை. சைலன்ஸருக்குத் துணியைத் திணித்தார். ஃபில்டர் பெட்டியை பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டினார். கட்டிவிட்டு மறுபடி இழுத்துப் பார்த்தார். பிரஷரைக் குறைக்கச் சொல்லி, ரேடியேட்டர் தகடு வளையாமல் தள்ளி நின்று நனைத்தார். மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டுச் சேற்றை வழித்தார். பிறகு ஃபில்டரைத் தனியே எடுத்து அலசினார். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, பிழிந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி அலசினார். ஓர் இஞ்சினைப் பறிகொடுத்த ஆள்தான் அப்படி அலச முடியும். நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாரு நேராக மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தாள். பைக்கைச் சுற்றி வந்தாள். குனிந்து செயினைத் தொட்டாள்.

"நான் குடுத்ததைவிட நல்லாருக்குதுண்ணா."

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

"கன்னு?" என்றார் பூவாத்தக்கா.

"ரெண்டும் நல்லாருக்குது. அடுத்த மாசம் எனக்கு இந்தக் கட்டுப் பிரிக்கறவரைக்கும் பைக்கு சும்மாத்தான் நிக்கும். அது அப்படி நிக்க வேண்டியதில்லை. ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போங்கண்ணா," என்று மருதாசலண்ணனைப் பார்த்துச் சொன்னாள்.

அண்ணன் கையிலிருந்த துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

சாரு என் பக்கம் திரும்பினாள். "ரேஸு எப்படிப் போச்சு?"

உள்ளதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மருதாசலண்ணனுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"அதை ஏனுங் கேக்கறீங்க அம்மிணி! லோகு போன வேகத்துல மேல ஒரு பொட்டுச் சேறு படல. சேறு தெறிச்சு மேல வருது, ஆளு அங்க இருந்தாத்தானே படறதுக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையிலிருந்து கால்வரை சேறு சொட்டச் சொட்ட நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்ப இது என்னவாம்?" என்றார் பூவாத்தக்கா.

அண்ணன் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல யோசிக்கிறார் என்று தெரிந்தது. பாவம், வரவில்லை. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டையும் கட்டியிருந்தது.

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"இது இன்னைக்குச் சேறு இல்லீங்க்கா. போன வேகத்துல பிரேக் பிடிக்கலை, அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள பூந்துட்டேன். அங்க இன்னும் மழை நிக்கலை."

மருதாசலண்ணன் என் கிட்டே வந்து, என் தோளிலிருந்து கொஞ்சம் சேற்றை விரலால் எடுத்து, உற்றுப் பார்த்தார்.

"நெசமாவா லோகு?" என்றார்.